நீ செய்து அனுப்பிய ஐந்து ஜன்னல்கள்

எல் ஆல்ட்டோ,
அக்டோபர் 19.

அன்பு மகன் லிம்பெர்ட்டுக்கு அப்பா எழுதுவது,

நான் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. கீழே சமவெளியில், சாந்தா குரூஸில் இப்போது வெயில் ஏறியிருக்கும், நீ வேர்த்து வழிந்துகொண்டு பட்டறையில் நிற்பாய். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கண்ணாடி அறுக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா, கட்டைவிரல் வெட்டு ஆறிவிட்டதா என்பதைத் தெரிவிக்கவும். கையுறை போட்டால் கை ஓடாது என்று நீ சொல்வது வெறும் சாக்கு, நானும் அந்தச் சாக்கைச் சொல்லித்தான் இரண்டு நகத்தைத் தொலைத்தேன். போன் இருக்கிற காலத்தில் அப்பா என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். இந்த வாரம் மூன்று தடவை போனை எடுத்தேன், நீ “சொல்லுங்கப்பா” என்றதும் மூன்று தடவையும் வெங்காய விலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் ஓட முடியாது. இதை பஸ் ஆபீஸில் பார்சலாகக் கொடுக்கப் போகிறேன், இரண்டு நாளில் உன் கைக்கு வந்துவிடும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு தோன்யா நிகோலாசாவுக்காக நீ செய்துகொண்டிருக்கிற இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களை லாரியில் ஏற்றாதே. ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே வருகிறேன். ஏப்ரலில் அம்மாவின் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும் ஐயா, குளிரும் தூசியும் அந்த அறைக்குள்ள வரவே கூடாது, அதுதான் அவங்களுக்கு மருந்து” என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நம் ஜன்னல்களை ஊரான் வீட்டு ஜன்னலைப் பார்ப்பது போலப் பார்த்தேன். நாற்பது வருஷம் பிறத்தியாருக்குச் சுவர் எழுப்பிய மேஸ்திரியின் வீட்டில், கோணிப்போன இரும்புச் சட்டம், வெயிலிலும் வறண்ட காற்றிலும் காய்ந்து பொருக்காக உதிர்ந்த கண்ணாடி ஓரத்துப் பட்டிப் பூச்சு, நான்கு இடத்தில் ஒட்டுப் போட்ட கண்ணாடி. காற்றடித்தால் அம்மாவின் போர்வை மேல் ஒரு கோடு மண் விழும், காலையில் அதை உதறிவிட்டுத்தான் அவள் சோளக்கஞ்சி அடுப்பைப் பற்ற வைக்கப் போவாள். இருபத்தைந்து வருஷமாக உதறினாள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செங்கல் வேலை செய்கிறவனுக்கு ஜன்னல் என்றால் சுவரில் விட்ட ஓட்டை, அவ்வளவுதான், அதை அடைப்பது வேறு எவனுடைய வேலையோ என்று இருந்துவிட்டேன்.

மே மாதம் நானும் அம்மாவும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கஞ்சி விற்றுச் சேர்த்த பணம் மாவு டப்பாவில் நாலாயிரத்து அறுநூறு பொலிவியானோ இருந்தது. மரத்தில் செய்தால் ஆயிரத்து எண்ணூறு, ஆனால் இந்த ஊர்க் காற்றில் மரம் இரண்டு வருஷத்தில் சுருங்கி, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் விரலை விடலாம், அது எனக்கே தெரியும். கீழே லா பாஸில் ஒரு கடையில் வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம் காட்டினார்கள், விலையைக் கேட்டு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நம் தெருமுனைக் கண்ணாடிக்காரர் பவுஸ்தோ அலுமினியச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி, சுற்றிலும் ரப்பர், ஐந்து ஜன்னலுக்கும் மாட்டுக் கூலியோடு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். அம்மா உடனே, “இதையே போட்டுடலாம், மிச்சம் ஆயிரத்து எழுநூறு மருந்துக்கு ஆச்சு” என்றாள். நான்தான் இருநூறு குறைக்கச் சொல்லி ஒரு வாரம் இழுத்தேன். அந்த வாரத்தில்தான் நீ போன் செய்தாய். ஒற்றைக் கண்ணாடி எதற்கப்பா, நான் இரட்டைக் கண்ணாடியில் செய்து அனுப்புகிறேன், நடுவில் காற்றை அடைத்து ஓரத்தை ஒட்டிவிட்டால் குளிர் அண்டாது, முதலாளி மிச்சக் கண்ணாடியை அடக்க விலைக்குத் தருவார், லாரி வாடகையோடு மூவாயிரத்து எழுநூறுதான் ஆகும் என்றாய். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, மறைக்கவில்லை. பவுஸ்தோ கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது, “எங்க வீட்டுலயே கண்ணாடிக்காரன் இருக்கான், உங்க தயவு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மா மட்டும், “ஜூன் குளிருக்கு முன்னாடி வந்துடுமா?” என்று கேட்டாள். மூன்று வாரம் என்று நீ சொல்லியிருந்தாய். ஒன்பது வாரம் ஆயிற்று. உன்னைக் குறை சொல்லவில்லை, பட்டறை வேலை முடிந்த பிறகு தனியாக நின்று செய்தாய் என்று தெரியும். ஆனால் அந்த ஒன்பது வாரமும் பழைய சட்டத்தில் கந்தலைத் திணித்துக்கொண்டு காத்திருந்தோம், வாளித் தண்ணீர் அறைக்குள்ளேயே உறைந்தது, அவள் இருமல் அப்போதுதான் இறங்கிப் போய் அடியில் உட்கார்ந்துகொண்டது.

இனி உனக்குத் தெரியாதது. ஜூலை மூன்றாவது வாரம் லாரி வந்தது. டிரைவர் இறங்கி வந்த விதமே சரியில்லை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். கொச்சபம்பா தாண்டி மலை ஏறும்போது பின்னால் பட் பட் என்று கேட்டதாம், டயரில் கல் சிக்கியது என்று நினைத்து ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறான். நீ வைக்கோல் வைத்து, அட்டை வைத்து, கம்பளி சுற்றி, பசிலியா என்று அம்மா பெயரை மையால் எழுதிக் கட்டியிருந்தாய், கட்டு ஒன்றுகூடத் தளரவில்லை. பிரித்துப் பார்த்தால் இரண்டு ஜன்னல் முழுக்கத் தூளாக இருந்தது. இரண்டில் மூலையிலிருந்து விரிசல் ஓடி, ஓரத்துப் பசை வாயைப் பிளந்திருந்தது. ஒன்று மட்டும் உடையாமல் வந்தது, அதுவும் வயிறு உப்பி இருந்தது, அதில் பார்த்தால் என் முகம் பூசணிக்காய் அகலத்துக்குத் தெரிந்தது. நான் டிரைவரைச் சட்டையைப் பிடித்து, எங்கே போட்டாய், எவன் மேலே ஏறி உட்கார்ந்தான் என்று கத்தினேன். பவுஸ்தோ எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக வந்து, உடைந்த ஓரத்தைத் தடவிப் பார்த்து, “அவனை விடுங்க மேஸ்திரி, அவன் மேல தப்பில்ல. கீழ, சூட்டு ஊர்ல அடைச்ச காத்து இவ்வளவு உசரத்துக்கு வந்தா சும்மா கெடக்குமா? வெளிய அமுக்கிப் பிடிக்கக் காத்து இல்ல, உள்ள இருக்கறது தள்ளும். கீழ இருந்து வர்ற சிப்ஸ் பாக்கெட்டைப் பாத்ததில்லையா?” என்றார். பார்க்காமல் என்ன. நம் தெருக் கடையில் அது எப்போதும் ஊதிப் புடைத்துத்தான் தொங்கும், நீ சின்ன வயதில் அதைக் கையில் தட்டி வெடிக்க வைத்து உதை வாங்கியிருக்கிறாய். நீயும் இங்கே பிறந்தவன், நான் இங்கேயே கிழவன் ஆனவன், இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. உங்கள் பட்டறைக்குத் தோன்ற வழியே இல்லை, அவர்கள் செய்கிற ஜன்னல் எதுவும் அந்தச் சமவெளியை விட்டு ஏறியதில்லை.

நான் அப்போதே உனக்குப் போன் செய்யப் போனேன். அம்மா போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே, “அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னே, நான் உன்கிட்ட பேச மாட்டேன் திபுர்சியோ. எத்தனை நாள் தூங்காம செஞ்சிருப்பான். உடைஞ்சுதுன்னு தெரிஞ்சா இன்னொரு தடவை கடன் வாங்கிச் செய்வான், இல்லன்னா வேலையை விட்டுட்டு ஓடி வருவான். ரெண்டும் வேண்டாம். சத்தியம் பண்ணு” என்றாள். பண்ணினேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அவளிடம் நான் பண்ணிய சத்தியங்களில் முழுதாகக் காப்பாற்றியது இது ஒன்றுதான், இதையும் இன்றைக்கு உடைக்கிறேன்.

உப்பி வந்த அந்த ஒற்றை ஜன்னலை எங்கே மாட்டுவது என்று எங்களுக்குள் சண்டை வந்தது. அவள் படுக்கிற பின் அறைக்குத்தான் என்று நான் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் வழியை மறித்து நின்றாள். “தெருப்பக்கம் மாட்டு. மகன் ஜன்னல் அனுப்பறான்னு நான் கஞ்சி ஊத்தற இடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பின்னாடி மாட்டினா யாருக்குத் தெரியும்?” என்றாள். இந்த ஊரை உனக்குத் தெரியும், பின்பக்கம் பச்சைச் செங்கல்லாகக் கிடந்தாலும் தெருப்பக்கம் பளபளக்க வேண்டும், அப்படி எத்தனை வீட்டுக்கு நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன், அந்த வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன். தெருப்பக்கமே மாட்டினேன். சரி, அவள் கட்டிலையாவது முன் அறைக்கு நகர்த்துகிறேன் என்றேன், விருந்தாளி வரும் அறையில் நோயாளிக் கட்டிலா என்று அதற்கும் மாட்டேன் என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்க வேண்டும், அவள் அப்போது ஒரு மூட்டை சிமெண்ட் எடைகூட இல்லை. நான் செய்யவில்லை. பின் அறைக்கு இரண்டு மடிப்பு பிளாஸ்டிக் தாளை ஆணி அடித்தேன், காற்றடித்தால் அது படபட என்று அடித்துக்கொள்ளும். நீ போனில் “அது என்னப்பா சத்தம்” என்று ஒரு நாள் கேட்டாய், பக்கத்து வீட்டில் துணி காய்கிறது என்றேன்.

புது ஜன்னல் மாட்டிவிட்டு பூமித்தாய்க்குச் சாராயம் தெளிக்காமல் இருக்க முடியுமா, ஊர் என்ன சொல்லும். வெள்ளிக்கிழமை அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டோம். சட்டத்தின் நாலு மூலைக்கும் தெளித்து, வண்ணக் காகிதச் சுருள் மாட்டி, பீர் ஊற்றி, அம்மா பன்றிக் கறிகூட வறுத்தாள், மாவு டப்பா அன்றோடு காலி. அன்றைக்குத்தான் வீடியோவில் உன்னைக் கூப்பிட்டாள். போனை இந்தப் பக்கம் திருப்பாதே, அந்தப் பக்கம் திருப்பாதே என்று எனக்கு ஜாடை காட்டிக்கொண்டே அந்த ஒரே ஜன்னலை ஐந்து ஜன்னலாக உனக்குக் காட்டினாள். நீ அந்தப் பக்கம் அழுதாய். அவள் இருமலை அடக்கிக்கொண்டு, “அடுப்பங்கரையில ஒக்காந்த மாதிரி கதகதன்னு இருக்குடா ராசா” என்றாள். அதை தோன்யா நிகோலாசா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கூட்டம் போன பிறகு வெட்கத்தை விட்டு பவுஸ்தோவிடம் போனேன். நான் பேசிய பேச்சை அவர் சொல்லிக் காட்டவில்லை, காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கடைப் பின்சுவரை நான் எழுப்பித் தருவது, அவர் நம் பின் அறைக்கு இரண்டு ஜன்னல் போட்டுத் தருவது என்று பேசிக்கொண்டோம். இந்த முழங்காலோடு ஒரு நாளைக்கு ஐந்து வரிசைக்கு மேல் ஏறவில்லை. சுவர் என் தோள் உயரம் வந்தபோது ஆகஸ்ட் காற்று ஆரம்பித்தது. இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் நான் சாரத்தில் நிற்கும்போது நிகோலாசா ஓடி வந்து கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. போர்வை மேல் மண் கோடு இருந்தது, நான்தான் உதறினேன். மறியல் போட்டுச் சாலையை மூடிவிட்டதால், விமானத்திலும் இடம் கிடைக்காமல், கொச்சபம்பாவிலேயே பஸ்ஸில் மூன்று நாள் கிடந்து நீ திரும்பிப் போனாய், உன்னால் வர முடியாமல் போனதற்கு யாரும் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் போனில் நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான், “கடைசி மாசமாவது குளிராம இருந்தாங்களாப்பா?” என்று. இருந்தாள் என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் ஏழு வாரமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். நல்ல ஜன்னல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். நெஞ்சு ஏற்கெனவே போய்விட்டது, ஜன்னல் இருந்தால் இன்னும் இரண்டு மாதம் ஓடியிருக்கும், கொஞ்சம் நிம்மதியாக ஓடியிருக்கும் என்றார். எனக்காகக் குறைத்துச் சொன்னாரா தெரியாது. உனக்கு அப்படியே எழுதிவிட்டேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. பழியைப் பங்கு போட வேண்டுமென்றால் இருநூறு பொலிவியானோவுக்கு ஒரு வாரம் இழுத்தவன், பவுஸ்தோவை விரட்டியவன், தெருப்பக்கம் மாட்டியவன் நான். நீ செய்தது அன்பாகச் செய்த ஒரு தப்பு, அதற்கு மேல் ஒரு குண்டுமணி அளவுகூட எடுத்துக்கொள்ளாதே. பவுஸ்தோ அளவெடுத்த ஜன்னலை மாட்டட்டுமா என்று பிறகு வந்து கேட்டார். இனி யாருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சுவரை மட்டும் முடித்துக் கொடுத்தேன்.

அந்த ஒற்றை ஜன்னலும் செப்டம்பரில் ஒரு உச்சி வெயிலில் தானாக வெடித்தது. நான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை அவள் பார்க்கவில்லை என்று முதலில் நினைத்தேன், அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன். அந்த இடத்துக்கும் பிளாஸ்டிக் தாளை அடித்துவிட்டு, தெருவில் போகிறவர்களுக்கு, பந்து பட்டு உடைந்தது என்று சொன்னேன். பொய்க்கு ஆளைக் கூட்டிக்கொண்டே போனால் இப்படித்தான், இப்போது எந்தப் பையன் உடைத்தான் என்று தெருவே விசாரிக்கிறது.

போன வாரம் நிகோலாசா அளவு டேப் கடன் கேட்டு வந்தாள். எதற்கு என்றால், முகமெல்லாம் சிரிப்பாக, “உங்க மகன்கிட்ட ஆறு ஜன்னல் சொல்லியிருக்கேன் மேஸ்திரி. என் பொண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கே, ரெண்டு மாசம்கூட ஆகல, அந்த அறையில குளிர் எலும்பைத் தின்னுது. பசிலியா சொன்னதைக் கேட்டதுல இருந்து எனக்கு அதே நினைப்பு. சீட்டு இந்த மாசம் என் முறை, மொத்தத்தையும் அனுப்பிட்டேன்” என்றாள். அம்மா போனில் உனக்காகச் சொன்ன பொய்யை நம்பி அவள் சீட்டுப் பணம் முழுவதையும் போட்டிருக்கிறாள். நான் டேப்பை எடுத்துக் கொடுத்தேன். நான் எப்பேர்ப்பட்ட கோழை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. உனக்கு எழுதி முடித்ததும் இதே பேனாவை வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போகப் போகிறேன், எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவள் பணம் வீணாகாமல் இருக்க வழி இருக்கிறது, பவுஸ்தோவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். சட்டம் தனியாக, கண்ணாடி தனியாக, இரண்டு கண்ணாடிக்கும் இடையில் வைக்கிற நடுக்கட்டை தனியாகக் கொண்டு வா. இரண்டு கண்ணாடியையும் இங்கே, இந்தக் காற்றில் வைத்துச் சேர்த்து ஒட்டினால் உப்பாது. என் கடையில் வைத்து ஒட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், எனக்குக் கூலி வேண்டாம் என்றார் அந்த மனுஷன். ஏற்கெனவே ஒட்டியது இருந்தால் பிரித்துவிடு, மனசு வலித்தாலும் பிரித்துவிடு. வேலைக்கு வெட்கப்பட வேண்டியதில்லை, தெரிந்த பிறகும் செய்தால்தான் வெட்கம்.

முப்பத்தொன்றாம் தேதி லாரியோடு நீயும் வருகிறாய் என்று சொன்னாய். இறந்தவர்கள் வீடு தேடி வருகிற பண்டிகையில் அம்மாவுக்கு இது முதல் வருஷம், மேசை போட்டு, ரொட்டி பொம்மை வைத்து, அவளுக்குப் பிடித்த கஞ்சியும் வறுத்த கறியும் வைத்துக் காத்திருக்க வேண்டும். நீ வாசலில் ரொட்டிக் கூடையோடு, அத்தனை ஜனத்துக்கு நடுவில் நின்று அந்தப் பிளாஸ்டிக் தாளைப் பார்க்கக் கூடாது என்றுதான் இதை இப்போதே எழுதினேன். ஏறும்போது சட்டென்று ஏறாதே, நீ கீழ்ஊர் ரத்தமாகிவிட்டாய், ஒரு நாள் கொச்சபம்பாவில் தங்கி வா, கோட்டு மறக்காதே. பூமித்தாயும் ஆண்டவனும் உன் கையையும் கண்ணையும் காப்பாற்றட்டும், நீ எந்த ஊரில் இருந்தாலும் உன் அறையில் குளிர் நுழையாமல் இருக்கட்டும். மறக்காதே, கண்ணாடி தனி, சட்டம் தனி, எதையும் ஒட்டாமல் கொண்டு வா.

நவம்பர் முதல் தேதி உச்சிப் பொழுதுக்கு அம்மா வந்துவிடுவாள். வந்து மேசையில் உட்கார்ந்த உடனே உன் முகத்தைத்தான் பார்ப்பாள், உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு என் பக்கம் திரும்புவாள். இவ்வளவு நாள் இந்த வீட்டில் என்னைத் திட்ட ஆள் இல்லை லிம்பெர்ட், அவள் வாய் நிறையத் திட்டட்டும், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
திபுர்சியோ கலிசாயா